சம்பந்தியின் வரிசை

என் சம்பந்தி கடையில் தீப்பெட்டி வாங்கினால் அங்கேயே ஒரு குச்சியை உரசிப் பார்ப்பார். எரிந்தால் போதாது. "மேல இருக்கிறத நல்லதா வெச்சிருப்பாங்க" என்று அடியிலிருந்து இன்னொன்றை உருவி அதையும் உரசுவார். கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "அம்மா, எல்லாத்தையும் உரசிப் பாருங்க. நல்லா எரிஞ்சா காலிப்பெட்டிய வாங்கிட்டுப் போங்க" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. "இதுக்கு ஏன் இவ்ளோ கோவம் வருது? உள்ள ஏதோ இருக்கு" என்று பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அவர் பெண்ணைத்தான் என் பிள்ளை கட்டியிருக்கிறான். கல்யாணப் பேச்சு வந்த புதிதில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வீடு முழுக்க ஈரம். "சொல்லிட்டு வந்தா எல்லார் வீடும் சுத்தமாத்தான் இருக்கும்" என்று உள்ளே நுழைந்து, பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார், பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிள்ளையைக் கூப்பிட்டு, "குடிப்பியா?" என்றார்.

"இல்லைங்க."

"எங்க, ஊது."

அவனும் வாயைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக ஊதினான். "என் பிள்ளை ஊதிட்டான். உங்க பொண்ணு எப்ப வந்து ஊதுவா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். அன்றைக்கே சம்பந்தம் முடிந்துவிட்டது. என்னிடம் அவர் நம்பியது அந்த ஒரு கேள்வியை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கல்யாணமான புதிதில், ஒரு வண்டிக்காரன் ஆப்பிள் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வந்து, எல்லாம் இனிப்புச் சிவப்பு என்று சத்தியம் பண்ணி அவர் வீட்டுக்காரரிடம் விற்றுவிட்டுப் போனான். அந்தக் காலத்துப் பெரிய மரங்கள் இன்று வைத்து நாளைக்குக் காய்ப்பவை அல்ல. கூரை மாற்றுவதைத் தள்ளிப்போட்டு, நல்ல துணி எடுப்பதைத் தள்ளிப்போட்டு, இரண்டு பேரும் தண்ணீர் சுமந்தார்கள். கடைசியில் காய்த்தது, பச்சையாக, சின்னதாக, கடித்தால் கண்ணை இறுக்கி மூடவைக்கிற புளிப்பு. வண்டிக்காரன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வீட்டுக்காரர் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் காய் பழுக்கிற காலத்தில் மரம் மரமாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு காயைக் கடித்துப் பார்ப்பாராம், ஏதாவது ஒன்றாவது மனம் மாறி இனித்திருக்காதா என்று. அப்படிக் கடித்துக் கடித்தே காலம் போய், ஒரு குளிர்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். காய்கள் வினிகர் போடுகிற இடத்துக்குப் போயின. நிலமும் சந்தேகமும் சம்பந்திக்கு மிஞ்சின.

என் வீட்டுக்காரரும் போன பிறகு நான் பிள்ளையோடு அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். ஒரே அடுப்பு, இரண்டு உப்பு டப்பா. என் உப்பு ஈரமாம்.

நிலம் இரண்டு துண்டு. வீட்டுக்குக் கீழே பள்ளம். கொழுத்த கறுப்பு மண், காலை வைத்தால் அப்பிக்கொள்ளும். வீட்டுக்குப் பின்னால் மேடு, கல்லும் காற்றும். இரண்டிலும் அந்தப் புளிப்பு மரங்கள்தான் மாடி உயரத்துக்கு நின்றன. மருமகள் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். அங்கே வரும் நல்ல பழமெல்லாம் அடர்நடவுத் தோட்டத்துப் பழம் என்று பார்த்துவைத்திருந்தாள். குட்டை மரங்களை நெருக்கி நட்டு, கம்பி கட்டி, ஏணி இல்லாமல் நின்ற இடத்திலேயே பறிக்கிற தோட்டம். மூன்றாம் வருஷமே காசு பார்க்கலாம். அவளும் என் பிள்ளையும் சம்பந்தியிடம் பேசிப் பேசி வாய் வலித்துப் போனார்கள்.

கடைசியில் அவர் ஒரு வார்த்தை சொன்னார். "பள்ளத்த எடுத்துக்குங்க. அதுல நல்லபடியா காய்ச்சு நான் கண்ணால பார்த்தாத்தான் மேடு. அது வரைக்கும் மேட்டு மேல கண்ணு வைக்காதீங்க."

பள்ளம் மட்டும் ஒரு குடும்பத்துக்குக் காணாது. மேடு கிடைக்காவிட்டால் பிள்ளையும் மருமகளும் டவுனில் குளிர்பதனக் கிடங்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான். இது எல்லாருக்கும் தெரியும், சம்பந்திக்கும் தெரியும்.

கன்று வாங்க நாங்கள் எல்லாருமாகப் போனோம். நாற்றுக்காரர் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் மடக்குக் கத்தி, விரல் நுனியெல்லாம் ஒட்டுக் கட்டுகிற நாடாவின் பிசுக்கு. ஒரு கன்றை எடுத்துக் காட்டினார். தண்டில் அடியிலிருந்து கொஞ்சம் மேலே, முழங்கை மூட்டு மாதிரி ஒரு புடைப்பு.

"இந்த முடிச்சுக்கு மேல இருக்கிறது காய்க்கிற மரம். கீழ இருக்கிறது வேர்ச்செடி, அது வேற மரம். மரம் குட்டையா நிக்கணுமா, நெட்டையா போகணுமான்னு முடிவு பண்றது கீழ இருக்கிறவன்தான்."

"ரெண்டு மரத்த ஒண்ணுன்னு சொல்லி விக்கிறீங்க" என்றார் சம்பந்தி. "இதுக்கு என்ன பேரு?"

"ஒட்டுன்னு பேரும்மா."

"எங்க தெருவுல மோசடிம்பாங்க."

மருமகள் அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். நாற்றுக்காரர் முகம் கொஞ்சம் இறுகியது. ஆனாலும் பொறுமையாகத்தான் சொன்னார். வேர்ச்செடியில் சுத்தக் குட்டை உண்டு, நடுத்தரம் உண்டு, நெட்டையும் உண்டு. நிலத்தைப் பார்த்துத்தான் வேர்ச்செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காகவே இரண்டு துண்டிலிருந்தும் ஒவ்வொரு கட்டி மண் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பள்ளத்து மண்ணை உள்ளங்கையில் நசுக்கி, "இதுக்குச் சுத்தக் குட்டை போதும். மண்ணு கொழுப்பு, நெட்டைய வெச்சா தலைக்கு மேல போயிடும்" என்றார். மேட்டு மண்ணை விரலால் உதிர்த்து, "இங்க குட்டைய வெச்சா பாவம், ஏங்கிப் போயிடும். எப்பவாவது வெச்சா நடுத்தரம் வைங்க" என்றார்.

சம்பந்தி என் காதில் கிசுகிசுத்தார். "கன்னு விக்கிறவருக்கு நம்ம மண்ணு எதுக்கு? நிலத்துக்கு விலை போடுறாரா?" கிளம்பும்போது அந்த மண் கட்டிகளையும் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அவர் குட்டைக் கன்று ஒன்றின் வேரைப் பிடித்து வளைத்தார். அது பிஸ்கட் மாதிரி படக்கென்று முறிந்தது. பக்கத்தில் கட்டி வைத்திருந்த நெட்டையின் வேரை வளைத்தார். அது கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது.

"உளுத்துப் போனத நம்ம தலையில கட்டுறாரு."

"இந்த ரகத்து வேரே அப்படித்தான்மா, படக்குன்னு முறியும்" என்றார் நாற்றுக்காரர். "மரம் தானா நிக்காது. அதுக்குத்தான் கம்பியில கட்டணும்ங்கிறது. வேருக்குப் போக வேண்டிய பலம் காய்க்குப் போகுது."

"பலம் இல்லாததுக்கு எவ்ளோ அழகா பேசுறாரு பாருங்க, சம்பந்தி."

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. கன்றுகளில் ஒவ்வொன்றிலும் அட்டை கட்டியிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. அவருக்குத் தெரியும், எழுத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. ஆக இரண்டு பேரும் ஒன்றுதான்.

இலை உதிர்ந்த குளிரில் நட்டோம். பழைய மரங்களை வெட்டி, வேரைப் பிடுங்கி, மண்ணைக் காயப்போட்டு, கல்தூண் நிறுத்திக் கம்பி இழுத்திருந்தது. நாற்றுக்காரர் தானே வந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "முடிச்சு மண்ணுக்கு மேல தெரியணும். நாலு விரல் மேல நிக்கணும். என்ன ஆனாலும் முடிச்ச மூடாதீங்க." சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கொட்டகையை ஒட்டிய முதல் வரிசையைச் சம்பந்தி தனக்கென்று எடுத்துக்கொண்டார். "கூலிக்கு வர்ற கை எப்படிப்பட்ட கையோ. இந்த வரிசையில யாரும் கை வைக்கக்கூடாது." குழி எடுத்தது, கன்று வைத்தது, மண் தள்ளி மிதித்தது எல்லாம் அவரேதான். நாங்கள் மற்ற வரிசைகளில் முதுகு ஒடிந்துகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் திரும்பவே நேரமில்லை.

முதல் வருஷம் பெரிய காற்று அடித்தது. எங்கள் கன்றுகள் கட்டின நாடாவில் தொங்கிக்கொண்டு குடிகாரன் மாதிரி ஆடின. சம்பந்தியின் வரிசை மட்டும் ஆணி அடித்தது மாதிரி நின்றது. தெருவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"யாரு வெச்ச கைன்னு பாருங்க" என்றார் அவர். அன்றைக்கு முழுக்க அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. அவரை அப்படிப் பார்த்தது அபூர்வம், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாம் வருஷம் காய்த்தது. எங்கள் வரிசைகளில் குழந்தை எட்டிப் பறிக்கிற உயரத்தில் சிவப்புச் சிவப்பாகப் பழம். சம்பந்தி, தன் வீட்டுக்காரர் மாதிரியே மரம் மரமாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு பழத்தைக் கடித்தார். ஒன்றும் புளிக்கவில்லை. கடித்த பழங்களையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு தன் வரிசைக்கு வந்து நின்றார்.

அங்கே ஒரு பழம் இல்லை. தண்டு தொடை மாதிரி பருத்து, கிளை மேல்கம்பியைத் தாண்டி, இலை இலையாகக் கொட்டகைக் கூரைக்கு நிழல் போட்டது. பழைய புளிப்பு மரம் மறுபடி எழுந்து வந்து நிற்கிற மாதிரியே இருந்தது.

"கலந்துட்டான்" என்றார் சம்பந்தி. சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் அன்னைக்கு மோசடின்னு சொன்னேன் இல்ல? என் வரிசைக்குன்னு பார்த்து நெட்டைய கலந்துட்டான்."

"அம்மா, எது எந்த வரிசைக்குப் போகும்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மருமகள்.

"தெரிஞ்சுக்கத் தெரியாதவனா கலப்பான்?"

சம்பந்தி இதையே மறுநாள் பஸ்ஸில் சொன்னார். சந்தையில் சொன்னார். மாவு மில்லில், மிஷின் ஓடும்போதே கத்திச் சொன்னார். கன்றுக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு மூன்று பேர் வேண்டாம் என்று நாற்றுக்காரரிடம் ஆள் அனுப்பினார்கள். வீட்டில் ஒரே பேச்சு: "மேடு கிடையாது. ஒரு தடவை ஏமாந்தது என் வீட்டுக்காரரு. ரெண்டாவது தடவை ஏமாந்தா அது நான்."

பிள்ளை கிடங்குக்காரரிடம் பேசிவிட்டு வந்தான். மாசக் கடைசிக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். மருமகள் அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். எல்லாம் என் வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்போம். "அத்தை, உங்க சம்பந்திகிட்ட சொல்லுங்க, டீ ஆறுது." "சம்பந்தி, உங்க மருமககிட்ட சொல்லுங்க, ஆறட்டும்." நான் இரண்டு பேர் டீயையும் குடித்துவிட்டேன்.

எனக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு ஆளைக் கள்ளன் என்று சொன்னால் அந்த ஆள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். "அவர வரச் சொல்லுவோம்" என்றேன்.

"வேண்டாம். வந்தா தடயத்த மறைக்க மரத்துக்கு ஏதாவது மருந்து ஊத்திடுவாரு."

நான் கேட்கவில்லை. பால் வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.

நாற்றுக்காரர் வந்தார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. நேராக அந்த வரிசைக்குப் போய், தண்டைத் தடவி, மேலே பார்த்து, கீழே பார்த்து, திரும்பி என் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்.

"இது என் செடி இல்ல. வேற எங்கயோ மலிவா வாங்கி நடுவுல சொருகியிருக்கீங்க. பேர் மட்டும் எனக்குக் கெடுது."

"என்னங்க பேசுறீங்க?" என்று பிள்ளை எகிறினான். "உங்க வண்டியிலேர்ந்துதான் எறக்கினோம்!"

"எறக்கினது வேற. நட்டது வேற."

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று சம்பந்தி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாட்டிக்கிட்டவன் எப்பவும் இப்படித்தான் பேசுவான்."

"ரெண்டு பேரும் வாயாலயே தோண்டிக்கிட்டு இருக்கீங்க" என்றேன். "மண்வெட்டி அங்க சாத்தியிருக்கு."

அதற்கும் சம்பந்தி நிபந்தனை போட்டார். மரத்தைத் தேர்ந்தெடுப்பது அவர். தோண்டுவது பிள்ளை. நாற்றுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். பையில் இருக்கிற கத்தியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தார். நானும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வரிசையில் நடு மரம். பிள்ளை மெதுவாகச் சுற்றிச் சுற்றி மண்ணை எடுத்தான். முதலில் வந்தவை தடித்தடியான வேர்கள், நாலா பக்கமும் இறங்கியிருந்தன. "பாருங்க, நெட்டை வேரு" என்றார் சம்பந்தி. நாற்றுக்காரர் "இன்னும் கீழ" என்றார். பிள்ளை இன்னும் எடுத்தான். ஒரு சாண் கீழே, மண்ணுக்குள், அந்த முழங்கை மூட்டு தெரிந்தது.

முடிச்சு. அதற்குக் கீழே மெல்லிசான வேர்கள், பாதி காய்ந்து, பழைய நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. தடித்த வேர் எல்லாம் முடிச்சுக்கு மேலே, காய்க்கிற மரத்தின் தண்டிலிருந்தே புறப்பட்டிருந்தது.

நாற்றுக்காரர் குந்தி உட்கார்ந்துவிட்டார். பின்னால் கட்டின கை தானாக அவிழ்ந்தது, யாரும் தடுக்கவில்லை. மேல்வேர் ஒன்றை வளைத்தார். கயிறு மாதிரி சுற்றியது. கீழ்வேர் ஒன்றை வளைத்தார்.

படக்.

அந்தச் சத்தம் சம்பந்திக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு அவர் கையில் முறிந்த அதே சத்தம்.

"வேர்ச்செடி என்னுதுதான்" என்றார் நாற்றுக்காரர். "குட்டைதான். ஆனா யாரோ முடிச்ச மூடியிருக்காங்க. மூடினா மேல் மரம் தானே வேர் விட்டுக்கும். அப்புறம் கீழ இருக்கிறவன் பேச்சு எடுபடாது." தலையைத் தூக்கினார். "யாரு மண்ணு அணைச்சது?"

பிள்ளை என்னைப் பார்த்தான். நான் மருமகளைப் பார்த்தேன். மருமகள் வானத்தைப் பார்த்தாள். சம்பந்தி குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுத்துல சுருக்குப் போட்ட மாதிரி அது வெளிய நின்னுச்சு" என்றார் கடைசியில். "குளிரு வேற. காத்தடிச்சா அந்த இடத்துலதான் முறியும்னு பட்டுது. முறிஞ்சா மறுபடி உங்ககிட்டதானே வாங்கணும்."

"மூடாதீங்கன்னு நான் சொன்னேனேம்மா? இங்க நின்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க. அதனாலதான் மூடினேன்."

முதலில் சிரித்தது நாற்றுக்காரர்தான். குந்தி உட்கார்ந்த வாக்கிலேயே, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிள்ளைக்கும் அடக்க முடியவில்லை. மருமகள் சிரிக்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய், இத்தனை நாளுக்கு அப்புறம் நேராகவே, "நாங்க மாசக் கடைசியில கெளம்பணுமாம்மா?" என்று கேட்டாள்.

சம்பந்தி குழியில் இறங்கி, காய்ந்த நூல் வேர்களை விரலால் தடவினார். அவர் வீட்டுக்காரர் புளிப்புக் காயைக் கடித்துவிட்டு இப்படித்தான் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவரை ஏமாற்ற ஒருத்தன் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். இங்கே யாரும் வரவில்லை. அதுதான் சம்பந்தியால் தாங்க முடியவில்லை. குற்றம் சொல்ல ஆள் இல்லாமல் அவருக்குப் பழக்கமே இல்லை.

நான் விடவில்லை. கத்தியை இடுப்பிலிருந்து எடுத்து நாற்றுக்காரரிடம் கொடுத்துவிட்டு, "சம்பந்தி, பஸ்ல சொன்னத பஸ்லயே திருப்பி எடுக்கணும்" என்றேன்.

மறுநாள் காலை அதே பஸ்ஸில் நானும் கூடவே ஏறினேன், அவர் வாயை நம்பாமல். கூட்டம் ஏறி முடித்ததும் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். "நாத்துக்காரர் எதையும் கலக்கல. என் வரிசைய மண்ணு போட்டு மூடினது நான்தான்" என்றார். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து, "ஆனா மத்த வரிசையெல்லாம் நான் இன்னும் தோண்டிப் பார்க்கல" என்று சேர்த்துக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊத மறந்து சிரித்தார். சந்தையிலும் சொன்னார். மாவு மில்லில் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொன்னார். அதில் எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

திரும்பி வரும்போது, பாதி வழியில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார். "மேட்டுக்கு நடுத்தரம்னுதானே அந்த ஆளு சொன்னாரு?"

"ஆமா."

"எதுக்கும் இன்னொரு தடவை மண்ணைக் கொடுத்துக் கேப்போம். அதே பதில் வருதான்னு பார்க்கணும்."

அதே பதில்தான் வந்தது. பிள்ளை கிடங்குக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டான். நாற்றுக்காரர் அடுத்த குளிருக்கு மேட்டுக்கான கன்றுகளைத் தயார் செய்து கொண்டுவந்தார். கொட்டகை வரிசையை மட்டும் பிடுங்கச் சம்பந்தி சம்மதிக்கவில்லை. முடிச்சுவரைக்கும் மண்ணைத் தோண்டியெடுத்து, மேல்வேரை அறுத்து, கீழ்வேர் பிழைக்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிலது பிழைத்திருக்கிறது. சிலது சாய்ந்துவிட்டது.

மேட்டில் நட்ட அன்றைக்குக் காற்று காதைக் கிழித்தது. சம்பந்தி ஒரு வரிசையையும் தனக்கென்று கேட்கவில்லை. எல்லா வரிசைக்கும் வந்தார். கன்றைக் குழியில் நிறுத்தினதும் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சுக்குக் கீழே நாலு விரலைக் குறுக்காக வைத்துக்கொள்வார். விரலுக்கு மேல் ஒரு பொடி மண் விழக்கூடாது. கூலியாட்களைத் திட்டினார், மருமகனைத் திட்டினார், சரிவில் மண்ணை இறக்கப் போகிற மழையை அது வரும் முன்னமே திட்டினார். இப்போதும் ஒவ்வொரு மழைக்கும் பழைய கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய், முடிச்சு முடிச்சாகச் சுரண்டிவிட்டு வருகிறார்.

அன்றைக்குக் கடைசி வரிசையில் நான் மண்வெட்டியை எடுத்தேன்.

"சம்பந்தி, அதக் கீழ வைங்க" என்றார். "உங்களுக்குப் பாசம் ஜாஸ்தி. ஒரு கை மண்ணு கூடுதலா போட்டுடுவீங்க."

"எனக்குப் பாசமா? உங்க டீயையே குடிச்சவ நான்."

மண்வெட்டியை நான் கீழே வைக்கவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை. அவர் விரல் வரைக்கும் மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, அடுத்த குழிக்கு நகர்ந்தேன். அவர் விரல்களை உருவிக்கொண்டு, மண் படிந்த அந்த நாலு விரலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.